நம் வீட்டிலிருந்து ஒரு வாக்கியம்

தம்பி,

வந்ததும் மாடிக்கு ஏறாதே. பையை இறக்கி வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் என் எதிரில் உட்கார்ந்து, இதை முழுவதும் படி. பவித்ரா மாடியில் இல்லை, வீட்டிலேயே இல்லை. உன் மனைவி எங்கே போனாள் என்று இதில் எங்கேயும் எழுதவில்லை, அதனால் அதைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குத் தாவ வேண்டாம். இதையெல்லாம் உன்னிடம் வாயால் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ குரலைத் தாழ்த்தி, "அம்மா, கொஞ்சம் நிதானமா யோசிங்க" என்பாய். நீ அப்படிப் பேச ஆரம்பித்தால் நான் தலையாட்டிவிடுவேன். இந்த ஒரு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

வியாழக்கிழமை விமானத்துக்கு எனக்கு டிக்கெட் போட்டிருக்கிறாய். "ஊர்ல மழை பிடிக்கிறதுக்குள்ள ஒரு நடை போயிட்டு வாங்கம்மா, ஆறு மாசம் கழிச்சுக் கூப்பிட்டுக்கறேன்" என்று சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாய். அதே மூச்சில், அடுத்த மாதம் மேற்கே ஏழு மணி நேரக் கார் தூரத்தில் புது வேலைக்குப் போகப்போவதாகவும், இந்த வீட்டை வாடகைக்கு விடப்போவதாகவும், அங்கே பக்கத்து வீடு என்பதே ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் என்றும் சொன்னாய். எல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் சொன்னாய். நான் பவித்ராவைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை, தட்டுக்கும் திரும்பவில்லை. நான் விமானம் ஏறிவிட்டால் இவள் உன்னோடு அந்தக் காட்டில் தனியாக இருப்பாள், என்ன நடந்தாலும் கேட்க ஒரு ஜீவன் இருக்காது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் அருப்புக்கோட்டையில் இருபத்தைந்து வருஷம் சத்துணவு மையம் நடத்தியவள். உனக்குத் தெரியும், ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தே எது முந்தின நாள் வீட்டில் அடி வாங்கியது, எது காலையில் ஒன்றும் தின்னாமல் வந்தது, எது பயந்து கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஹெட்மாஸ்டரே வந்து என்னிடம்தான் கேட்பார். அப்பேர்ப்பட்ட மகராசி, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வருஷமாக எதிரில் உட்கார்ந்து தின்றவளைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால்கூடப் பொய். பார்த்தேன், "ஊர் நினைப்பு, சரியாப் போயிரும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் பன்னிரண்டரைக்கு ஆபீசிலிருந்து எனக்குப் போன் செய்வாயே, அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமில்லை. இங்கே ஹெலன்ஸ்பர்க் கோவில் பிராகாரத்தில் மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகள் வாரக்கணக்கில் பேசுவதில்லை என்று மூக்கைச் சிந்தும்போது, "எம்பையன் தினம் மத்தியானம் பேசாம இருக்க மாட்டான்" என்று தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். அவர்கள் "கொடுத்து வச்சவங்க நீங்க" என்பார்கள். எனக்குக் குளிர்ந்துபோகும். "சாப்பிட்டீங்களாம்மா" என்பாய் முதலில். அடுத்து, "வீட்ல என்ன நடக்குது? அவ என்ன பண்றா?" என்பாய். நானும் வாயெல்லாம் பல்லாக ஒப்பிப்பேன். காலையில் அவள் அம்மாவிடம் நாற்பது நிமிஷம் பேசினாள், துணி காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தாள், லேப்டாப்பில் ஏதோ பரீட்சை பற்றிப் படித்தாள். மறுநாள் வேலிப்பக்கம் கொடி இருக்காது; உலர்த்தும் மெஷின் வந்திருக்கும். லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருக்கும். நான் அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை. என் பிள்ளை என்மேல் உள்ள பாசத்தில் பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். நீ என்னிடம் பேசவில்லை தம்பி, என்னை வைத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. நானும் அவளும் இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்றே நீ அவள் பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்து, "சாமி அலமாரில வைங்கம்மா, அங்கதான் பத்திரம்" என்றாய். நானும் பக்தியோடு ஒரு மஞ்சள் துணியில் சுற்றி, குலதெய்வப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். நகையும் பத்திரமும் சாமி படத்தின் அடியில் வைத்துப் பழகிய புத்திதானே. தினமும் அதற்கு முன்னால்தான் விளக்கேற்றினேன், பூப்போட்டேன். தையில் ஒரு நாள் அவள் வந்து, "அத்தை, என் பாஸ்போர்ட் எங்க இருக்குன்னு தெரியுமா? பிசியோதெரபி பதிவுக்கு நகல் அனுப்பணும்" என்று கேட்டாள். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பெண். நான் கையில் கற்பூரத் தட்டோடு, "தெரியாதும்மா, அவன்ட்ட கேளு" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் அது இருந்தது. அப்போதுகூட, மகன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினோம் என்று நிம்மதியாகத்தான் இருந்தேன்.

நான் எப்படிக் கண் திறந்தேன் என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். நீயேதான் காரணம். "சும்மா உட்காந்திருக்காம நூலகத்துல இங்கிலீஷ் கிளாஸ் போங்கம்மா" என்று செவ்வாய்க்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டாய். பவித்ராவும் வருகிறேன் என்றபோது, "உனக்குத்தான் நல்லாத் தெரியுமே, உனக்கெதுக்கு" என்றாய். சரியான பேச்சாகத்தான் பட்டது. உன் பேச்சு எப்போதும் சரியாகத்தான் படும். வகுப்பு எடுப்பவர் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். அவரை இங்கே ரோஸ்மேரி என்று எழுதுகிறேன். அது அவர் பெயர் இல்லை. தொடக்க வகுப்பிலிருந்து இடைநிலைக்கு என்னைத் தூக்கிப் போட்ட அன்று உனக்கு லட்டு பிடித்துக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? இடைநிலையில் அவர் ஒரு தாள் கொடுத்தார். சமூகத்தைப் பற்றியும் சுற்றத்தைப் பற்றியும் பேசுவதற்கான சொற்கள், இரண்டு பக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் "உங்கள் வீட்டிலிருந்து ஒரு வாக்கியம்" சொல்ல வேண்டும். அதுதான் அவர் முறை. புத்தக வாக்கியம் சொன்னால் விடமாட்டார்.

முதல் வாரம் நெய்பர், வாலன்டியர், ரெசிடென்ட் என்று சுலபமாகப் போனது. பக்கத்து வீட்டுத் தாத்தா நம் மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டியையும் சேர்த்து உள்ளே தள்ளி வைப்பதைச் சொன்னேன், எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த வாரம் வழக்கத்தைக் குறிக்கும் கஸ்டம், பிறகு ரெஸ்பெக்ட், ஜெனரேஷன். பொங்கலைப் பற்றிச் சொல்லி வெளுத்து வாங்கினேன். மூன்றாவது வாரம் டிபெண்டன்ட் என்ற சொல் வந்தது. "இன்னொருவர் இல்லாமல் காலம் தள்ள முடியாதவர்" என்று ரோஸ்மேரி விளக்கினார். விசாக் காகிதத்தில் பவித்ரா பெயருக்குப் பக்கத்தில் பார்த்த சொல் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். அதற்கு அடுத்தது ஐசொலேட்டட். ஒரு ஆள் கூட்டத்துக்கு நடுவிலேயே இருக்கலாம். ஆனால் போவதற்கு ஒரு வீடு கிடையாது, மனம்விட்டுப் பேச ஒரு ஆள் கிடையாது, வெளியே கிளம்ப யாரையாவது கேட்க வேண்டும், அதுதான் இந்தச் சொல் என்றார். நான் சட்டென்று கையைத் தூக்கினேன். முந்திரிக்கொட்டை! "என் மருமகள் ஐசொலேட்டட் இல்லை. அவளுக்கு நான் இருக்கிறேன்" என்று பிழையில்லாமல் இங்கிலீஷில் சொன்னேன். ரோஸ்மேரி "அருமை" என்றார். பிறகு, "ஹூ எல்ஸ்?" என்றார். வேறு யார்? என் மகன் என்றேன். "ஹூ எல்ஸ்?" என்று மறுபடியும் கேட்டார், சிரித்த முகமாகத்தான். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். தமிழிலும் பதில் வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் இந்திராணி என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என்னோடு நிற்பார். இதுவும் மாற்றிய பெயர்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கோவிக்காதையுங்கோ. தீபாவளிக்கு உங்கட வீட்டை வந்தனான், அந்தப் பிள்ளை தேத்தண்ணி தந்திட்டு உள்ளுக்குப் போட்டுது. அதுக்குப் பிறகு ஒரு நாளும் வெளியில காணேல்லை. வெளியில விடுறேல்லையோ?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "எங்க வீட்டுப் பிள்ளைய நாங்க பார்த்துக்கிறோம், நீங்க உங்க சோலியப் பாருங்க" என்று கையை உதறினேன். அவர் கோபப்படவில்லை. "ஓம், நானும் அப்பிடித்தான் சொன்னனான். என்ர மகளும் இப்பிடி ஒரு வீட்டில இருந்தவள், நான்தான் பொறுத்திரு, எல்லாம் சரிவரும் எண்டு சொன்னனான்" என்றார். "இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கிறாள். ஒரு கண் தெரியாது. என்னோட கதைக்கிறேல்லை" என்றார். பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன், போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் நான் பவித்ராவைச் சத்துணவு வரிசையில் பார்ப்பதுபோலப் பார்த்தேன். சமைத்ததை அவள் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறாள். குளிக்கப் போகும்முன் உனக்கு மெசேஜ் போடுகிறாள், வந்ததும் போடுகிறாள். அவள் அம்மா கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள், நீ இல்லாதபோதும். சாயங்காலம் கராஜ் கதவு தூக்கும் சத்தம் கேட்டதும் அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்து ஒடுங்குவாள் என்று நினைத்தேன் தம்பி. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். யாரும் இல்லாத சமையலறையில், அடுப்பைப் பார்த்துக்கொண்டு, நீ உள்ளே வருவதற்குள் முகத்தில் சிரிப்பு நிற்க வேண்டும் என்று சிரித்தாள். அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை.

ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து அவளுடைய கல்லூரித் தோழி வந்தாளே மாசியில், அந்த நாளும் அப்போதுதான் புரிந்தது. மதியம் போனில் நான்தான் உன்னிடம் சொன்னேன், "அவ பிரண்டு வந்திருக்கா, ரெண்டும் ஒரே சிரிப்பு, கேக்கவே நல்லாருக்கு" என்று. நீ இரண்டு மணிக்கெல்லாம் வந்து நின்றாய். அந்தத் தோழியிடம் அத்தனை மரியாதையாகப் பேசினாய், "ஸ்டேஷன்ல நானே இறக்கி விடறேன்" என்று கூட்டிக்கொண்டு போனாய். காரில் அவளிடம் என்ன சொன்னாய்? எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் அதற்குப் பிறகு வரவும் இல்லை, போன் செய்யவும் இல்லை. நீ திரும்பி வந்து பவித்ராவிடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒன்பது நாள் அவளோடு பேசவே இல்லை, அவ்வளவுதான். பத்தாவது நாள் அவளாகவே தோழியின் எண்ணை அழித்துவிட்டு வந்து உன்னிடம் காட்டினாள். நான் ஹாலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பேசாமல் இருக்கும் வித்தையை நீ எங்கே படித்தாய் என்று நான் கேட்க வேண்டியதில்லை. உன் அப்பா ஒரு நாளும் என்னை அடித்ததில்லை, அதனால் நல்ல மனுஷன் என்று அவர் செத்த பிறகும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் பிடிக்காவிட்டால் பேசமாட்டார். என் தங்கையின் வளைகாப்புக்கு நான் கேட்காமல் கிளம்பியதற்கு, என் செருப்பு ஜோடியில் ஒன்றை மட்டும் எடுத்துத் தன் பீரோவில் பூட்டி வைத்தார். ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது, பதினேழு நாள். நான் வெறுங்காலோடு மையத்துக்குப் போய் வந்தேன். கேட்டவர்களிடம் காலில் ஆணி என்று சொன்னேன். கடைக்குப் போய் வேறு செருப்பு வாங்கியிருக்கலாம்; ஏன் வாங்கவில்லை என்று பவித்ராவைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீ அப்போது நாலாம் வகுப்பு. உன்னிடம் நான், "அப்பா மனசு நோகாம நடந்துக்கணும்டா, அதான் குடும்பம்" என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "அப்பா செய்யறது தப்பு" என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம் உன் காதுபடச் சொல்லியிருக்க வேண்டும். இந்தப் பாவம் என்னுடையது, இதை உன் தலையில் கட்டவில்லை. ஆனால் நீ இப்போது நாலாம் வகுப்பு இல்லை.

அதன் பிறகு நான் மதியப் போனில் ஒப்பிப்பதை நிறுத்தினேன். "அவ என்ன பண்றா?" என்றால், "தெரியலப்பா, நான் கண் அசந்துட்டேன்" என்றேன். மறுநாளும் "கவனிக்கலப்பா" என்றேன். மூன்றாம் நாள் நீ, "உங்களுக்கு இங்க வயசுக்கு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன்மா" என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமையே டிக்கெட் வந்துவிட்டது. உனக்கு உபயோகம் தீர்ந்ததும் பெற்றவளையே பெட்டி கட்ட வைத்துவிட்டாய். அழுகை வந்தது, அழுதால் நீ நிதானமாக ஆறுதல் சொல்வாய் என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் நீ கிளம்பியதும் பவித்ராவிடம், வாசலிலும் ஹாலிலும் நீ மாட்டிய காமிரா எட்டாத துணி துவைக்கும் அறையில் வைத்து, "உனக்கு அவன்ட்ட பயமா இருக்காம்மா?" என்று கேட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்து, "அவர் கேக்கச் சொன்னாரா அத்தை?" என்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் போய்ச் சாமி அலமாரியைத் திறந்து, அந்த மஞ்சள் துணியோடு கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன். பிரித்துப் பார்த்தாள். "எத்தனை நாளா இங்க இருந்துச்சு?" என்றாள். "நீ கேட்ட அன்னைக்கும் இங்கதாம்மா இருந்துச்சு" என்றேன். அவள் அதை மறுபடி துணிக்குள் வைத்து மடித்தாள். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு "சரி" என்றாள். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் ரோஸ்மேரியிடம் தாளை விரித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த சொற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வாக்கியம் செய்தேன். டிபெண்டன்ட் தொட்டேன், பெர்மிஷன் தொட்டேன், ஐசொலேட்டட் தொட்டேன். நம் வீட்டிலிருந்து, நிஜ வாக்கியங்கள். அவர் ஒன்றையும் திருத்தவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, விட்னஸ் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். அந்த வாரம் நடத்தாத சொல். ஒரு காரியத்தைக் கண்ணால் பார்த்தவர், கேட்டால் சொல்லக்கூடியவர் என்றார். "அது நீங்களா?" என்று கேட்டார். ஆமா என்று சொல்ல எனக்கு நெடுநேரம் பிடித்தது. நான் பெற்ற பிள்ளைக்கு எதிராக அல்லவா அந்த ஆமாவைச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று காலை உனக்குப் போன் செய்து, தலை சுற்றுகிறது, வகுப்புக்குப் பவித்ராவைத் துணைக்கு அனுப்பு என்றேன். "சரிம்மா, கடைசி கிளாஸ்தானே" என்றாய். அவள் அம்மா வீட்டுச் சீதனப் பையை எடுக்கவில்லை, துணிமணி எடுக்கவில்லை. என் கைப்பைக்குள் பாஸ்போர்ட்டும் அவள் படித்த சான்றிதழ்களும் மட்டும். நூலகத்தில் பின்னறையில், இப்படி வீட்டைவிட்டு வரும் பெண்களுக்கு உதவுகிற ஒரு பெண் காத்திருந்தார். அவரும் பவித்ராவும் பேசி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு அவள் என்னோடு திரும்பி வரவில்லை. வாசல் காமிராவில் இரண்டு பேர் போனதும் ஒருத்தி வந்ததும் இருக்கும். நீ பார்த்துவிட்டாய் என்று நினைக்கிறேன், இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து போன் ஆறு முறை அடித்துவிட்டது. நான் எடுக்கவில்லை. ஹால் காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இனி நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேள். ஸ்ட்ராத்ஃபீல்டுக்குக் காரை எடுக்காதே, அவள் அங்கே இல்லை. நூலகத்து வாசலில் போய் நிற்காதே. அங்கே உன் பெயரும் உன் கார் எண்ணும் சொல்லப்பட்டிருக்கின்றன. மதுரைக்குப் போன் போட்டு அவள் அப்பாவை மிரட்டாதே, அவரிடம் காலையிலேயே நான் பேசிவிட்டேன். உன்னைப்போல உள்ள ஆண்களுக்கென்று இங்கே ஒரு வகுப்பு நடக்கிறதாம், வாரம் ஒரு நாள், வட்டமாக உட்காரவைத்துப் பேச வைப்பார்களாம். விவரம் எழுதிய காகிதம் உப்பு ஜாடிக்கு அடியில் இருக்கிறது. அறுபத்து நாலு வயதில் உன் அம்மா ஒரு வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொள்ளவில்லையா? நீ போ. அவள் திரும்பி வருவாள் என்று ஆசை காட்ட மாட்டேன். நீ உன் அப்பாவைப்போலச் சாக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கடைசி வரைக்கும் அவர் கட்டிலைச் சுற்றி எல்லாரும் இருந்தோம், ஒருவருக்கும் அவரிடம் பேசத் தெரியவில்லை.

நேற்று நான் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் நானாக எழுதிய முதல் பக்கம். பாஸ்போர்ட், போன், லேப்டாப், தோழி, பேசாத ஒன்பது நாள், மதியம் நீ கேட்டது, நான் சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது. என் தப்புகளையும் மறைக்கவில்லை. கடைசியில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு பவித்ராவிடம் கொடுத்துவிட்டேன். யார் கேட்டாலும் காட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் நேரிலும் போய்ச் சொல்வேன், அதனால் வியாழக்கிழமை நான் விமானம் ஏறப்போவதில்லை. என்னை இந்த வீட்டில் வைத்துக்கொள்வதும் வெளியே தள்ளுவதும் உன் இஷ்டம்.

நூலகத்தில் காத்திருந்த அந்தப் பெண் என்னையும் கூட வரச் சொன்னார். நீங்கள் மட்டும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். "எம்பையன் என்னை ஒண்ணும் செய்ய மாட்டான்" என்று சொல்ல வாயெடுத்தேன். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையைப் பற்றி அந்த ஒரு வாக்கியத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் வந்துவிட்டேன், உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒருத்தியாவது வேண்டும் என்று. கராஜ் கதவு தூக்குகிறது. எனக்கு உன்னைக் கண்டு பயமாக இருக்கிறது. நான் சிரிக்கப் போவதில்லை.

அம்மா